எல்லாரும் நிர்வாகி: வீட்டுக் கணினியில் பயனர் கணக்கின் வரலாறு

கணினியில் பயனர் கணக்கும் கடவுச்சொல்லும் 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் பிறந்தவை. ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு அங்கே சி.டி.எஸ்.எஸ். என்ற நேரப்பகிர்வு இயங்குதளத்தை உருவாக்கி, 1961 நவம்பரில் முதன்முதலாக இயக்கிக் காட்டியது. அதுவரை துளையட்டைகளைக் கொடுத்துவிட்டு, தங்கள் முறை வரும்வரை மணிக்கணக்கில் காத்திருப்பதே வழக்கம். சி.டி.எஸ்.எஸ். வந்தபின் பலர் தனித்தனி முனையங்களில் உட்கார்ந்து ஒரே ஐ.பி.எம். கணினியை ஒரே நேரத்தில் பயன்படுத்த முடிந்தது. உடனே இரண்டு கேள்விகள் எழுந்தன. எந்தக் கோப்பு யாருடையது? யார் எவ்வளவு நேரம் கணினியை எடுத்துக்கொண்டார்? இரண்டுக்கும் விடையாக ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கும் ஒரு கடவுச்சொல்லும் தரப்பட்டன. கணினி நேரம் விலை உயர்ந்த பண்டமாக இருந்த காலம் அது; அதை அளந்து கொடுப்பதும் கணக்கின் வேலையாக இருந்தது.

இந்த ஏற்பாட்டுக்கு அடியில் வன்பொருளின் துணையும் இருந்தது. சி.டி.எஸ்.எஸ். ஓடிய ஐ.பி.எம். 7094 கணினியின் நினைவகம் 32,768 சொற்கள் கொண்ட இரண்டு பகுதிகளாக அமைக்கப்பட்டது. ஒன்றில் இயங்குதளம், மற்றதில் பயனரின் நிரல். பயனரின் நிரல் எல்லை தாண்டி இயங்குதளத்தின் பகுதியில் கைவைக்க முயன்றால் வன்பொருளே அதைத் தடுத்துவிடும். வன்பொருள் தராத பாதுகாப்பை மென்பொருள் மட்டும் தந்துவிட முடியாது என்பதைப் பிற்காலத்து வீட்டுக் கணினிகள் விரிவாகவே காட்டின.

கடவுச்சொல் பிறந்த சில மாதங்களிலேயே அது திருடப்பட்டதும் நடந்தது. வாரத்துக்கு நான்கு மணி நேரம் போதாமல் தவித்த ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், 1962இல் கடவுச்சொல் கோப்பையே அச்சிட்டுத் தரும்படி துளையட்டை வழியே கணினிக்கு ஆணையிட்டார். கணினியும் அச்சிட்டுத் தந்தது. பல பத்தாண்டுகள் கழித்து அவரே இதை வெளியில் சொன்னார். அதே பத்தாண்டின் நடுவில் இன்னொன்று நடந்தது. நிர்வாகிகள் இருவரில் ஒருவர் அன்றைய அறிவிப்பையும் மற்றவர் கடவுச்சொல் கோப்பையும் ஒரே நேரத்தில் திருத்திக்கொண்டிருந்தனர். திருத்து நிரல் இருவருக்கும் ஒரே பெயரில் தற்காலிகக் கோப்பை உருவாக்கியதால் இரண்டும் இடம் மாறின. அதன்பின் உள்நுழைந்த ஒவ்வொருவரின் முனையத்திலும் எல்லாருடைய கடவுச்சொற்களும் அச்சாகி வந்தன. டூரிங் விருது உரையில் கோர்பட்டோ இந்த நிகழ்ச்சியை மறைக்காமல் எடுத்துச் சொன்னார்.

சி.டி.எஸ்.எஸ்.ஸின் அடுத்த தலைமுறையாக எம்.ஐ.டி., பெல் ஆய்வகம், ஜெனரல் எலெக்ட்ரிக் மூன்றும் சேர்ந்து 1960களின் நடுவில் தொடங்கிய மல்டிக்ஸ் திட்டம், அனுமதி என்ற கருத்தைப் பெரிதும் வளர்த்தது. ஒவ்வொரு கோப்போடும் யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்ற பட்டியல் ஒட்டியிருந்தது. நிரல்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த வளையங்களில் ஓடின. உள்வளையத்துக்கு உரிமை அதிகம், வெளிவளையத்துக்குக் குறைவு. மல்டிக்ஸில் உழைத்த ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975இல் எழுதிய நீண்ட கட்டுரை, இந்தத் துறையின் அடிப்படை விதிகளை வகுத்தது. ஒரு நிரலுக்கோ பயனருக்கோ அந்த வேலைக்குத் தேவையான மிகக்குறைந்த உரிமை மட்டுமே தரவேண்டும் என்பது அவற்றில் ஒன்று. தொடக்க அமைப்பு 'இல்லை' என்பதாக இருக்க வேண்டும், அனுமதியைத் தேடிப்போய்த் தரவேண்டும் என்பது இன்னொன்று. வீட்டுக் கணினியின் வரலாறு முழுவதையும் இந்த இரண்டு விதிகளைக் கொண்டே எடைபோடலாம்.

பெல் ஆய்வகம் 1969இல் மல்டிக்ஸிலிருந்து விலகியது. அங்கிருந்த கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் அதே ஆண்டில் தொடங்கிய யுனிக்ஸ், மல்டிக்ஸின் நுணுக்கங்களை உதறிவிட்டு எளிய வழியில் போனது. கோப்பின் உரிமையாளர், அவருடைய குழு, மற்ற எல்லாரும் என மூன்று தரப்பு. படித்தல், எழுதுதல், இயக்குதல் என மூன்று அனுமதிகள். ஆக ஒன்பது பிட்டுகளில் ஒரு கோப்பின் பாதுகாப்பு முடிந்தது. இவை எதற்கும் கட்டுப்படாத ஒரே கணக்கு 'ரூட்'. அதன் எண் பூஜ்ஜியம். ஆனால் சாதாரணப் பயனர் தன் கடவுச்சொல்லை மாற்றவேண்டும் என்றால், ரூட் மட்டுமே எழுதக்கூடிய கோப்பில் அல்லவா எழுத வேண்டியிருக்கிறது? இதற்கு ரிச்சி கண்ட தீர்வு, குறிப்பிட்ட ஒரு நிரல் மட்டும், யார் இயக்கினாலும், அதன் உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடுவது. அதற்கு 1979இல் காப்புரிமை கிடைத்தது. நிரலின் பிழை அந்த அதிகாரத்தைத் தவறானவர் கையில் கொடுத்துவிடக்கூடும் என்ற ஆபத்தும் அதோடு பிறந்தது. கடவுச்சொல்லைத் தேர்ந்தெடுப்பதில் மனிதர்களின் பழக்கம் எப்படி என்பதை அதே 1979இல் ராபர்ட் மோரிஸும் தாம்ப்சனும் எழுதிய ஆய்வு காட்டியது. அவர்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 86 விழுக்காடு மிகக் குறுகியவையாகவோ அகராதிச் சொற்களாகவோ, எளிதில் தேடிப்பிடிக்கக்கூடியவையாக இருந்தன.

ஆக, 1970களின் இறுதிக்குள் பெரிய கணினிகளின் உலகத்தில் கணக்கு, அனுமதி, நிர்வாகி, குறைந்த உரிமை எல்லாம் அறிந்த சங்கதிகள். வீட்டுக்கு வந்த கணினி இவற்றில் எதையும் கொண்டுவரவில்லை. 1977இல் வந்த ஆப்பிள் II ஆனாலும் சரி, 1981 ஆகஸ்டில் வந்த ஐ.பி.எம். பி.சி. ஆனாலும் சரி, இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பவரே அதன் உரிமையாளர் என்ற அனுமானத்தில் கட்டப்பட்டவை. அந்த அனுமானம் அன்றைக்குத் தவறும் அல்ல. ஐ.பி.எம். பி.சி.யின் அடிப்படை மாதிரியில் 16 கிலோபைட் நினைவகமே இருந்தது. அதில் அனுமதிப் பட்டியலுக்கு இடமேது? அதன் இன்டெல் 8088 புராசசரில் ஒரு நிரலை மற்றொன்றிலிருந்து பிரிக்கும் வசதியே கிடையாது. எம்.எஸ்.-டாஸ் இயங்குதளத்தில் ஓடும் எந்த நிரலும் நினைவகத்தின் எந்த மூலையிலும் எழுதலாம், வட்டின் எந்தப் பகுதியையும் அழிக்கலாம். கோப்பை 'படிக்க மட்டும்' எனக் குறித்துவைக்கலாம்தான். ஆனால் ஒரே கட்டளையில் யாரும் அந்தக் குறியை நீக்கிவிடலாம்.

அன்றைய பாதுகாப்பு கையால் தொடக்கூடியதாக இருந்தது. கோப்புகள் ஃபிளாப்பியில் இருந்தன. வேலை முடிந்ததும் ஃபிளாப்பியை உருவி அலமாரியில் வைத்துப் பூட்டினால் போதும். ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பியின் ஓரத்தில் ஒரு வெட்டு இருக்கும். அதன்மேல் சின்ன ஒட்டுத்தாளை ஒட்டினால் அந்த வட்டில் எதுவும் எழுத முடியாது. 1984இல் வந்த ஐ.பி.எம். பி.சி. ஏ.டி.யின் முகப்பில் உண்மையான சாவித்துளையே இருந்தது. சாவியைத் திருப்பினால் விசைப்பலகை வேலை செய்யாது. பெட்டியின் மூடியையும் கழற்ற முடியாது.

இந்தப் பூட்டுகள் வேற்று மனிதரைத் தடுத்தன. வேற்று நிரலைத் தடுக்கவில்லை. 1982இல் பள்ளி மாணவரான ரிச் ஸ்க்ரெண்டா எழுதிய எல்க் குளோனர் ஆப்பிள் II ஃபிளாப்பிகள் வழியே பரவியது. 1986இல் லாகூரில் சகோதரர்கள் இருவர் எழுதிய பிரெய்ன் வைரஸ் ஐ.பி.எம். பி.சி.களில் பரவியது. இரண்டும் ஃபிளாப்பியின் தொடக்கப் பகுதியில் ஒளிந்திருந்து, கணினி உயிர்பெறும்போதே நினைவகத்தில் ஏறிக்கொண்டன. எந்த நிரலுக்கும் எல்லா உரிமையும் உண்டு என்ற அமைப்பில் வைரஸுக்கும் எல்லா உரிமையும் இருந்தது.

வன்பொருள் இதற்குள் மாறிவிட்டது. 1982இல் வந்த இன்டெல் 80286 நான்கு அடுக்கு உரிமைகளைத் தந்தது. 1985இன் 80386 அதை மேலும் செம்மைப்படுத்தியது. பி.சி. ஏ.டி.க்குள் இருந்ததே 80286தான். முகப்பில் சாவித்துளையும் உள்ளே பாதுகாப்புள்ள புராசசரும் இருந்தும், அதன்மேல் ஓடிய டாஸ் அந்தப் புராசசரை வேகமான 8088 போலவே நடத்தியது. எழுதிக் குவிந்துவிட்ட டாஸ் நிரல்கள் தொடர்ந்து ஓடவேண்டும் என்பதே காரணம். பழைய நிரல்கள் ஓடவேண்டும் என்ற இந்தக் கட்டாயம், பிறகு வந்த இருபத்தைந்து ஆண்டுகளிலும் வீட்டுக் கணினியின் பாதுகாப்பைப் பின்னுக்கு இழுத்த முதல் விசை.

1995 ஆகஸ்ட் 24இல் வந்த விண்டோஸ் 95, தொடங்கும்போது பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது. பலர் அதைப் பாதுகாப்பு என்று நம்பினர். எஸ்கேப் விசையை அழுத்தினால் அந்தப் பெட்டி மறைந்து கணினி திறந்துகொள்ளும். அந்தப் பெட்டியின் வேலை, வலைப்பின்னல் கடவுச்சொற்களை நினைவில் வைப்பதும் ஒவ்வொருவருக்கும் அவரவர் திரை அமைப்பைக் கொண்டுவருவதும் மட்டுமே. வட்டில் கோப்புகளை அடுக்கிய 'ஃபேட்' முறையில் ஒரு கோப்பு யாருடையது என்று எழுதிவைக்கவே இடமில்லை. உரிமையாளர் பெயரே பதிவாகாத இடத்தில் அனுமதி எதைப் பற்றி நிற்கும்?

மைக்ரோசாப்டிடம் விடை இருந்தது. வேறொரு கட்டடத்தில் இருந்தது என்று சொல்லலாம். டிஜிட்டல் நிறுவனத்தில் வி.எம்.எஸ். இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் முதன்மையானவரான டேவ் கட்லர் 1988இல் மைக்ரோசாப்டில் சேர்ந்து, விண்டோஸ் என்.டி.யை அடித்தளத்திலிருந்து புதிதாகக் கட்டினார். 1993 ஜூலையில் வெளியான என்.டி. 3.1இல் ஒவ்வொரு பயனருக்கும் தனி அடையாள எண், ஒவ்வொரு கோப்புக்கும் அனுமதிப் பட்டியல், அதற்கென்றே என்.டி.எஃப்.எஸ். என்ற கோப்பு முறை எல்லாம் இருந்தன. கடவுச்சொல்லைத் திருட யாரும் போலித் திரை வைத்துவிடாதபடி, உள்நுழையுமுன் கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தவேண்டும்; அந்தச் சேர்க்கையை இயங்குதளத்தைத் தவிர எந்த நிரலும் பிடித்துக்கொள்ள முடியாது. ஆனால் என்.டி.க்குக் குறைந்தது 12 மெகாபைட் நினைவகம் வேண்டும். விண்டோஸ் 95 நான்கு மெகாபைட்டில் ஓடும். நினைவகம் விலை அதிகமாக இருந்த அந்த ஆண்டுகளில் அலுவலகத்துக்கு என்.டி., வீட்டுக்கு 95 என்று பிரிவினை ஏற்பட்டது.

2001 அக்டோபர் 25இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்.பி. இந்தப் பிரிவினையை முடித்தது. என்.டி.யின் உட்கரு, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, முதன்முதலாக வீட்டுப் பதிப்பாக வந்தது. முப்பது நாற்பது ஆண்டுக்காலம் பெரிய கணினிகளில் வளர்ந்த அறிவு வீட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது. அந்த அறிவு வீணாகும்படி ஒரே ஒரு முடிவு எடுக்கப்பட்டது. நிறுவும்போது, இந்தக் கணினியை யாரெல்லாம் பயன்படுத்துவார்கள் என்று எக்ஸ்.பி. கேட்கும், ஐந்து பெயர்வரை கொடுக்கலாம். கொடுத்த பெயர் ஒவ்வொன்றும் நிர்வாகி உரிமையோடு, கடவுச்சொல் இல்லாமல் கணக்கானது. அப்பா, அம்மா, பள்ளிக்குப் போகும் பிள்ளை, எப்போதாவது வரும் தாத்தா எல்லாரும் நிர்வாகி. வரவேற்புத் திரையில் வாத்தும் பந்தும் பூவுமாக அழகான படங்கள் இருந்தன; ஒவ்வொரு படத்தின் பின்னாலும் முழு அதிகாரம் இருந்தது. வீட்டுப் பதிப்பில் கோப்பின் அனுமதிகளைத் திருத்தும் பக்கம்கூட வழக்கமான நிலையில் கண்ணில் படாது. கணினியை 'சேஃப் மோட்'இல் தொடங்கினால்தான் தெரியும்.

'லிமிடெட்' என்ற குறைந்த உரிமைக் கணக்கும் எக்ஸ்.பி.யில் இருந்தது. தேடிப்பிடித்து அதைப் பயன்படுத்தியவர்கள் அல்லல்பட்டனர். அன்றைய மென்பொருள்களும் விளையாட்டுகளும் தங்கள் அமைப்புகளை 'புரோகிராம் ஃபைல்ஸ்' அடைவிலேயே எழுதும் பழக்கமுடையவை. அங்கே எழுத நிர்வாகிக்கே உரிமை. ஆகவே விளையாட்டு தொடங்காது, அல்லது தொடங்கிப் பாதியில் நின்றுவிடும். பணிப்பட்டையின் மூலையில் இருக்கும் கடிகாரத்தை இருமுறை சொடுக்கி நாள்காட்டி பார்க்க முயன்றால்கூட உரிமை இல்லை என்று மறுத்துவிடும். அது நேரத்தை மாற்றும் பெட்டி என்பதால். மென்பொருள் எழுதியவர்கள் தாங்களே நிர்வாகியாக உட்கார்ந்து எழுதி, நிர்வாகியாகவே சோதித்தார்கள். குறைந்த உரிமையில் தங்கள் நிரல் ஓடாது என்பது அவர்களுக்குத் தெரியவே வாய்ப்பில்லை. பயனர்கள் நிர்வாகியாக இருந்ததால் நிரல்கள் அப்படி எழுதப்பட்டன. நிரல்கள் அப்படி எழுதப்பட்டதால் பயனர்கள் நிர்வாகியாகவே இருக்க வேண்டியதாயிற்று.

அதன் விலை என்ன என்பதற்கு 2005இன் சோனி பி.எம்.ஜி. விவகாரத்தைவிட நல்ல சான்று இல்லை. அந்த நிறுவனம் சில இசைத் தட்டுகளில் நகலெடுப்பைத் தடுக்கும் மென்பொருளைச் சேர்த்திருந்தது. தட்டைக் கணினியில் போட்டதும் அது உட்கருவரை புகுந்து, குறிப்பிட்ட எழுத்துகளில் தொடங்கும் கோப்புகளை யார் கண்ணுக்கும் தெரியாதபடி மறைத்தது. அக்டோபர் 2005இல் மார்க் ருசினோவிச் என்ற விண்டோஸ் வல்லுநர் தன் கணினியிலேயே இதைக் கண்டுபிடித்து அம்பலப்படுத்தினார். சில நாட்களில் வைரஸ் எழுதுபவர்களும் அதே மறைவிடத்தைப் பயன்படுத்தத் தொடங்கினர். வழக்குகள் வந்தன, தட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. பாட்டுக் கேட்க உட்கார்ந்தவர் நிர்வாகியாக இருந்ததால்தான் பாட்டுத் தட்டால் உட்கருவரை போக முடிந்தது.

அந்தக் காலத்தின் எல்லாக் கேடுகளையும் கணக்குகளின் தலையில் கட்டுவதும் சரியல்ல. 2003 ஆகஸ்டில் பரவிய பிளாஸ்டர், 2004இல் பரவிய சாஸர் ஆகிய புழுக்கள், இயங்குதளத்தின் உயர் உரிமையோடு பின்னணியில் ஓடும் சேவைகளின் பிழை வழியே வலைப்பின்னலிலிருந்து நுழைந்தன. உட்கார்ந்திருப்பவர் எந்தக் கணக்கில் இருந்தார் என்பது அவற்றுக்குப் பொருட்டே இல்லை. எக்ஸ்.பி.யில் இத்தகைய நுழைவைத் தடுக்கும் தீச்சுவர் ஒன்று தொடக்கத்திலிருந்தே இருந்தது. ஆனால் இயல்பில் அணைந்திருந்தது. 2004 ஆகஸ்டில் வந்த இரண்டாம் சேவைத் தொகுப்பு அதை எல்லாருக்கும் இயக்கிவைத்தது. இங்கும் வசதி முன்பே இருந்தது, தொடக்க அமைப்பே தவறாக இருந்தது. சால்ட்சரும் ஷ்ரோடரும் 1975இல் எழுதிய விதி மீறப்பட்டதுதான் இரண்டு இடத்திலும் கதை.

அதே ஆண்டுகளில் மற்றவர்கள் வேறு வழியில் போனார்கள். 2001 மார்ச்சில் வெளியான மேக் ஓ.எஸ். எக்ஸ் யுனிக்ஸ் அடித்தளத்தில் எழுந்தது. அதில் ரூட் கணக்கு இயல்பிலேயே மூடப்பட்டிருந்தது. முதல் பயனர் நிர்வாகி என்றாலும் இயங்குதளத்தைத் தொடும் வேலைக்கு ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கும். 2004 அக்டோபரில் முதல் பதிப்பு கண்ட உபுண்டு லினக்ஸும் ரூட்டைப் பூட்டிவைத்து, 'சுடோ' என்ற கட்டளை வழியே தேவைப்படும் நேரத்துக்கு மட்டும் அதிகாரத்தைத் தந்தது. சுடோ 1980 வாக்கில் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில் எழுதப்பட்ட பழைய கருவி. பலர் பகிர்ந்த பல்கலைக்கழகக் கணினிக்காகப் பிறந்தது, தனியொருவர் தன்னிடமிருந்தே தன் கணினியைக் காத்துக்கொள்ளப் பயன்பட்டது.

பயனர்களும் நிரல்களும் நிர்வாகி உரிமையில் சிக்கியிருந்த சுழலை மைக்ரோசாப்ட் உடைக்க முனைந்தது 2007 ஜனவரியில் வீடுகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில். நிர்வாகியாக உள்நுழைந்தவருக்கும் அன்றாட வேலைகள் குறைந்த உரிமையிலேயே நடக்கும். உயர் உரிமை தேவைப்படும்போது திரை மங்கி, சம்மதம் கேட்கும் பெட்டி வரும். குறைந்த உரிமைக் கணக்கில் இருப்பவரிடம் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். மங்கிய அந்தத் திரையில் வேறு எந்த நிரலும் பொய்யாகச் 'சரி'யை அழுத்திவிட முடியாது. பழைய நிரல்கள் 'புரோகிராம் ஃபைல்ஸ்'இல் எழுத முயன்றால், அவற்றுக்குத் தெரியாமலே பயனரின் சொந்த அடைவுக்கு அந்த எழுத்து திருப்பிவிடப்பட்டது. குறைந்த உரிமைக் கணக்கு கடைசியில் வீட்டில் வாழத்தக்கதாயிற்று. நாள்காட்டியையும் பார்க்க முடிந்தது. பிள்ளைகளுக்கு நேர வரம்பு வைக்கும் பெற்றோர் கட்டுப்பாடும் அந்தக் கணக்குகளின் மேல்தான் அமைந்தது.

மக்கள் இதை வெறுத்தார்கள். தொட்டதற்கெல்லாம் பெட்டி வந்தது. ஆப்பிள் அதைக் கேலி செய்து விளம்பரம் எடுத்தது. பலர் அந்த ஏற்பாட்டையே அணைத்துவிட்டனர். மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் பழக்கத்தை மாற்றும்படி நெருக்குவதே இதன் நோக்கங்களில் ஒன்று என்று மைக்ரோசாப்டின் மேலாளர் ஒருவர் 2008இல் வெளிப்படையாகச் சொன்னார். பயனரைத் துன்புறுத்தி நிரலாளரைத் திருத்துவது கடுமையான வழிதான். ஆனால் அது பலித்தது. அடுத்த சில ஆண்டுகளில் வந்த நிரல்கள் நிர்வாகி உரிமை இல்லாமலே ஓடப் பழகின. 2009 அக்டோபரின் விண்டோஸ் 7 நான்கு நிலைகள் கொண்ட ஒரு நகர்த்தியைத் தந்து, விண்டோஸின் சொந்த அமைப்புகளை மாற்றும்போது கேட்பதை இயல்பில் குறைத்தது. கூச்சல் அடங்கியது.

அதற்குள் ஆபத்து இடம் மாறிவிட்டது. 2013இல் பரவிய கிரிப்டோலாக்கர் போன்ற பணயநிரல்கள் பயனரின் கடிதங்களையும் நிழற்படங்களையும் மறையாக்கம் செய்து பணம் கேட்டன. அவற்றுக்கு நிர்வாகி உரிமை தேவையே இல்லை. பயனரின் கோப்புகளைத் திருத்தப் பயனருக்கு உரிமை உண்டு. அவர் பெயரில் ஓடும் நிரலுக்கும் அதே உரிமை உண்டு. கணக்கு என்ற ஏற்பாடு ஒருவரிடமிருந்து இன்னொருவரைக் காக்க வகுக்கப்பட்டது; ஒருவரை அவர் பெயரில் ஓடும் நிரலிடமிருந்து காக்க அல்ல. ஒரு வீட்டில் இயங்குதளத்தை மறுபடி நிறுவிக்கொள்ளலாம். அழிந்த குடும்பப் படங்கள் திரும்பி வருவதில்லை.

இதற்கான விடை கைபேசியிலிருந்து வந்தது. 2008இல் சந்தைக்கு வந்த ஆண்ட்ராய்டு, லினக்ஸின் பயனர் கணக்கைப் புதிய விதத்தில் பயன்படுத்தியது. கைபேசி ஒருவருக்கே உரியது. ஆகவே ஒவ்வொரு செயலிக்கும் ஒரு பயனர் எண், பத்தாயிரத்திலிருந்து தொடங்கி, தரப்பட்டது. ஒரு செயலி மற்றொன்றின் கோப்புகளைத் தொடமுடியாதபடி, எம்.ஐ.டி.யில் மனிதர்களைப் பிரித்த அதே சுவர் செயலிகளைப் பிரித்தது. 2015இன் ஆண்ட்ராய்டு 6 முதல், ஒளிப்படக் கருவி, ஒலிவாங்கி, தொடர்பு எண்கள் ஆகியவற்றைத் தொடும் நேரத்தில் சம்மதம் கேட்கும் முறையும் வந்தது. மேசைக் கணினிகள் இதைப் பின்தொடர்ந்தன. விண்டோஸ் 10, 2017இல், முக்கியமான அடைவுகளை அறிமுகமில்லாத நிரல்கள் மாற்றாமல் தடுக்கும் வசதியைச் சேர்த்தது. அதுவும் இயல்பில் அணைந்தே வந்தது. 2019இன் மேக் ஓ.எஸ். கேட்டலினாவில், ஆவணங்கள் அடைவைத் திறக்க நிரல்கள் பயனரைக் கேட்டாக வேண்டும்.

இவை யாவும் வந்தபின்னும், விண்டோஸ் 11 நிறுவும்போது உருவாகும் முதல் கணக்கு நிர்வாகி கணக்குதான். அதை மாற்றச் சில நிமிடங்கள் போதும். நிர்வாகிக்கென்று தனிக் கணக்கொன்றை வலுவான கடவுச்சொல்லோடு உருவாக்கி ஒதுக்கிவைத்துவிட்டு, கணினிக்கு உரியவர் உட்பட வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் அவரவருக்கான சாதாரணக் கணக்கில் வேலை செய்யுங்கள்; படங்களுக்கும் ஆவணங்களுக்கும் கணினியிலிருந்து கழற்றிவைக்கும் தனி வட்டில் ஒரு படி எடுத்துவையுங்கள்.